சென்னை – சிங்கப்பூர் விமானப் பயணம்: தூரம், நேரம், அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டில் பாதிப் பேர் சிங்கப்பூரில் இருக்கிறார்கள். டிக்கெட் போடுவது, ஏற்றிவிடுவது, இறங்கியாச்சா என்று விசாரிப்பது எல்லாம் பல வருடங்களாக என் பொறுப்பு. முதல் தடவை விமானம் ஏறுகிற சொந்தக்காரர்களும் அக்கம்பக்கத்தாரும் கேட்கும் கேள்விகள் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போனில் சொல்வதைவிட எழுதி வைத்துவிட்டால் நல்லது என்று தோன்றியது.

சென்னையிலிருந்து சிங்கப்பூர் எவ்வளவு தூரம்?

மீனம்பாக்கம் விமான நிலையத்திலிருந்து சாங்கி விமான நிலையத்துக்கு நேர்கோட்டில் சுமார் 2,920 கி.மீ. மைலில் சொன்னால் ஏறக்குறைய 1,815. விமானிகள் பயன்படுத்தும் கடல் மைலில் சுமார் 1,580.

சென்னையிலிருந்து துபாய்க்கும் ஏறத்தாழ இதே தூரம்தான், சுமார் 2,930 கி.மீ. மேற்கே துபாய், கிழக்கே சிங்கப்பூர், நடுவில் நம் சென்னை. வரைபடத்தில் ஒரு நூலை வைத்து அளந்து பார்த்தபோது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

நிற்காமல் போகும் விமானத்தில் எத்தனை மணி நேரம்?

கால அட்டவணையில் பெரும்பாலும் 4 மணி 10 நிமிடத்திலிருந்து 4 மணி 35 நிமிடம் வரை போட்டிருப்பார்கள். நிறுவனத்துக்கு நிறுவனம் கொஞ்சம் மாறும். இதில் ஆகாயத்தில் இருப்பது நான்கு மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவு. மீதி நேரம் தரையில் ஊர்வதற்கு.

டிக்கெட்டில் போகும்போது ஏழு மணி நேரம், வரும்போது ஒன்றே முக்கால் மணி நேரம் போல இருக்கிறதே. எது சரி?

இரண்டுமே பயண நேரம் அல்ல. என்னிடம் அதிகம் பேர் கேட்டிருக்கும் கேள்வி இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

டிக்கெட்டில் புறப்படும் நேரம் புறப்படும் ஊரின் நேரம். இறங்கும் நேரம் இறங்கும் ஊரின் நேரம். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. இங்கே இரவு 9 என்றால் அங்கே 11:30.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சென்னையில் இரவு 11:00 மணிக்குக் கிளம்புகிற விமானம், 4 மணி 20 நிமிடப் பயணம். நம் கடிகாரத்தில் விடியற்காலை 3:20க்கு இறங்கும். அதோடு இரண்டரை மணி நேரத்தைக் கூட்டினால் சிங்கப்பூர் நேரம் காலை 5:50. டிக்கெட்டில் 23:00 – 05:50 என்று இருப்பதைப் பார்த்து ஆறு மணி ஐம்பது நிமிடம் பறக்கணுமா என்று பயந்துவிடுகிறார்கள்.

திரும்பி வரும்போது கதை தலைகீழ். அங்கே இரவு 8:00 மணிக்குக் கிளம்பி 4 மணி 15 நிமிடம் பறந்தால் அவர்கள் கடிகாரத்தில் நள்ளிரவு 12:15. நம் நேரத்தில் இரவு 9:45தான். டிக்கெட்டில் 20:00 – 21:45. பார்க்கிறவர்களுக்கு ஒன்றே முக்கால் மணி நேரத்தில் சென்னை வந்துவிடுகிற மாதிரி தெரியும்.

நினைவில் வைத்துக்கொள்ள எளிதான வழி: போகும்போது டிக்கெட்டில் தெரிகிற நேரத்தில் இரண்டரையைக் கழியுங்கள், வரும்போது இரண்டரையைக் கூட்டுங்கள். இரண்டு பக்கமும் நாலேகால், நாலரை என்று வந்து நிற்கும்.

அம்மா முதல் தடவை போனபோது இதை உட்கார வைத்து விளக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். ஆனால் கையில் இருந்த பழைய எச்எம்டி கடிகாரத்தை மட்டும் மாற்றவே இல்லை. இரண்டு மாதம் தம்பி வீட்டில் இருந்தார், கடிகாரம் சென்னை நேரத்திலேயே ஓடியது. "அப்பா இப்ப காபி குடிச்சிருப்பாரு" என்று அதைப் பார்த்துத்தான் சொல்வாராம். அந்த இரண்டரை மணி நேரத்தை எங்கள் வீட்டில் அம்மா அளவுக்குச் சரியாகக் கணக்குப் போட்டவர்கள் யாரும் இல்லை.

வீட்டில் பெரியவர்கள் "ரெண்டு மணி நேரம்தான் வித்தியாசம்" என்கிறார்களே?

அவர்கள் சொல்வது பொய் இல்லை, பழைய கணக்கு. 1981 முடியும்வரை சிங்கப்பூர் நமக்கு இரண்டு மணி நேரம்தான் முன்னால் இருந்தது. மலேசியா தன் மேற்குப் பகுதியையும் சபா, சரவாக் மாநிலங்களையும் ஒரே நேரத்துக்குக் கொண்டுவந்தபோது சிங்கப்பூரும் கூடவே கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தது. 1982 ஜனவரி 1 முதல் வித்தியாசம் இரண்டரை மணி நேரம் ஆகிவிட்டது. எழுபதுகளில் அங்கே வேலை பார்த்துத் திரும்பியவர்களுக்கு இரண்டு மணி நேரம் என்றே மனதில் பதிந்திருக்கும்.

காலை ஆறு மணிக்கு இறங்கினால் வெளிச்சம் இருக்குமா?

இருக்காது. சிங்கப்பூரில் வருடம் முழுக்க ஏறக்குறைய காலை ஏழு மணிக்குத்தான் சூரியன் உதிக்கும். சில மாதங்களில் கால் மணி நேரம் முன்னே பின்னே, அவ்வளவுதான்.

காரணம் அந்தக் கடிகாரம்தான். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் தீர்க்கரேகை வித்தியாசம் சுமார் 24 பாகை. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் என்றால், சூரியன் கணக்கில் இரண்டு ஊருக்கும் ஒரு மணி முப்பத்தைந்து நிமிடம்தான் இடைவெளி. கடிகாரம் அதைவிட ஏறக்குறைய ஒரு மணி நேரம் கூடுதலாக ஓடுகிறது. அதனால் அங்கே ஆறு மணி என்பது இருட்டுதான். வயதானவர்கள் தனியாக வந்தால் "விடிஞ்சிருக்கும்" என்று நினைத்துப் பதறுவார்கள். முன்கூட்டியே சொல்லி அனுப்புங்கள்.

டிக்கெட்டில் 15ஆம் தேதி 00:50 என்று போட்டிருக்கிறது. எந்த ராத்திரி கிளம்ப வேண்டும்?

14ஆம் தேதி ராத்திரி. தயவுசெய்து இதை இரண்டு தடவை படியுங்கள்.

00:50 என்பது 15ஆம் தேதி பிறந்து ஐம்பது நிமிடம் ஆன நேரம். 14ஆம் தேதி இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டு ஒன்பது, ஒன்பதரைக்குள் நீங்கள் விமான நிலையத்தில் இருக்க வேண்டும். எங்கள் தெருவில் ஒரு பெரியவர், பேத்தி பிறந்ததைப் பார்க்கப் போக வேண்டியவர், 15ஆம் தேதி இரவு பத்து மணிக்குப் பெட்டியோடு போய் நின்றார். விமானம் போய் ஏறக்குறைய ஒரு நாள் ஆகியிருந்தது. டிக்கெட் போட்டுக் கொடுத்தவர் தேதியை மட்டும் சொல்லியிருக்கிறார், எந்த ராத்திரி என்று சொல்லவில்லை. அன்றிலிருந்து யாருக்கு டிக்கெட் அனுப்பினாலும் "செவ்வாய் ராத்திரி சாப்பிட்டுட்டுக் கிளம்பணும்" என்று கிழமையோடு எழுதித்தான் அனுப்புகிறேன்.

ஒரு இணையதளம் 2,900 கி.மீ. என்கிறது, இன்னொன்று 3,000க்குப் பக்கம் காட்டுகிறது. ஏன்?

எங்கிருந்து எங்கே அளக்கிறார்கள் என்பதில் வருகிற வித்தியாசம். சிலர் ஊரின் மையத்திலிருந்து அளப்பார்கள், சிலர் விமான நிலையத்திலிருந்து. சாங்கி நகரின் கிழக்கு ஓரத்தில் இருப்பதால் இதிலேயே இருபது கி.மீ. வரை மாறிவிடும். அப்புறம், பூமிப் பரப்பில் இரு புள்ளிகளுக்கு இடையே உள்ள மிகக் குறுகிய வளைகோடு ஒன்று, விமானம் நிஜமாகப் பறந்த பாதை இன்னொன்று. ஆகாயத்திலும் சாலைகள் மாதிரி வழித்தடங்கள் உண்டு. மேகக் கூட்டத்தைச் சுற்றிப் போவது, இறங்கும் முன் வரிசைக்காக வளைவது எல்லாம் சேர்ந்து நேர்கோட்டைவிடக் கொஞ்சம் கூடத்தான் செய்யும்.

எந்த வழியாகப் பறக்கிறது?

சென்னையை விட்டுத் தென்கிழக்கே திரும்பினால் வங்கக் கடல். நிலம் தெரியாத நீளமான பகுதி இது. நேர்கோட்டை வரைபடத்தில் போட்டால் அது கிரேட் நிக்கோபார் தீவின் தென்முனைக்குச் சற்றே தெற்கில் கடக்கிறது. இந்தியாவின் தென்கோடியான இந்திரா முனை அங்கேதான் இருக்கிறது. அடுத்து சுமத்ராவின் வடபகுதியான ஆச்சே, பிறகு மலாக்கா நீரிணை, மலாக்கா நகரம், ஜொகூர், சிங்கப்பூர். நிஜ விமானம் இந்தக் கோட்டைவிட்டு அங்கங்கே விலகும், ஆனாலும் பெரும்பாலும் இந்த வட்டாரத்தை ஒட்டித்தான்.

இந்தப் பெயர்களை இன்னொரு இடத்திலும் பார்க்கலாம். முதலாம் ராஜேந்திர சோழன் 1025 வாக்கில் அனுப்பிய கப்பற்படை வென்ற ஊர்களை அவன் மெய்க்கீர்த்தி வரிசையாகச் சொல்கிறது. அதில் வரும் மாநக்கவாரம் நிக்கோபார். இலாமுரிதேசம் ஆச்சே பகுதி. கடாரம், இன்றைய மலேசியாவின் கெடா, இந்தக் கோட்டுக்குச் சற்று வடக்கே. இருக்கைத் திரையில் விமானம் நகர்கிற வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே இந்தப் பெயர்களை என் மகளுக்குச் சொல்லிக்கொண்டு போனேன். பாடப்புத்தகத்தில் ஒரு வரியாகப் படித்தது, ஜன்னலுக்குக் கீழே ஒவ்வொன்றாக வந்தது.

விமானம் மணிக்கு 850 கி.மீ. போகும் என்கிறார்கள். அப்படியானால் மூன்றரை மணி நேரம்தானே ஆக வேண்டும்?

நல்ல கேள்வி. 2,920ஐ 850ஆல் வகுத்தால் மூன்று மணி இருபத்தாறு நிமிடம்தான் வரும். ஆனால் அந்த வேகம் மேலே ஏறி நிலைத்த பிறகுதான். ஏறவும் இறங்கவும் தலா இருபது முப்பது நிமிடம் ஆகும், அப்போது வேகம் குறைவு. அட்டவணையில் போடும் நேரமோ, விமானம் நிற்குமிடத்தை விட்டு நகர்ந்தது முதல் அந்தப் பக்கம் நிற்குமிடத்தில் வந்து நின்றது வரை. ஓடுபாதை வரை ஊர்வது, முன்னால் நிற்கிற விமானங்களுக்காகக் காத்திருப்பது, இறங்கிய பிறகு சாங்கியில் நீளமாக ஊர்வது எல்லாம் அதில் அடக்கம். போதாததற்கு, சின்னத் தாமதங்களைத் தாங்குகிற மாதிரி நிறுவனங்கள் கொஞ்சம் கூட்டியே போடுகின்றன. "லேட்டாகக் கிளம்பியும் சரியான நேரத்துக்கு வந்துட்டோமே" என்று சிலர் சொல்வது அதனால்தான்.

போவதற்கும் வருவதற்கும் நேர வித்தியாசம் உண்டா?

உண்டு, ஆனால் எல்லோரும் நினைக்கிற மாதிரி இல்லை. ஐரோப்பா, அமெரிக்கா போய் வந்தவர்கள் "கிழக்கே போனால் சீக்கிரம், மேற்கே வந்தால் தாமதம்" என்பார்கள். அது வடக்கே இருக்கிற மேற்குக் காற்றோட்டத்தின் கணக்கு. நம் வழி பூமத்திய ரேகைக்கு அருகில் போகிறது. அங்கே அந்தக் காற்று இல்லை.

இங்கே இருப்பது வேறொன்று. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில், ஜூன் முதல் செப்டம்பர் வரை, தரையில் மேற்கிலிருந்து காற்று வீசினாலும் மிக உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்காக ஒரு வேகமான காற்று ஓடுகிறது. வெப்பமண்டலக் கிழக்கு ஜெட் காற்று என்று பெயர். இந்திய வானிலை விஞ்ஞானி பி. கோட்டீஸ்வரம் 1958இல் இதைப் பற்றி விரிவாக எழுதினார். தென்னிந்தியாவுக்கு மேலே அது நன்றாகவே இருக்கும். விமானம் பறக்கிற உயரத்தில் அதன் கீழ் ஓரம் படும்.

ஆகவே ஜூலை, ஆகஸ்டில் சிங்கப்பூர் போகிறவர்களுக்கு எதிர்க்காற்று, திரும்பி வருகிறவர்களுக்குப் பின்காற்று. எதிர்க்காற்று மணிக்கு 70 கி.மீ. என்று வைத்துக்கொண்டால் போகும்போது ஏறக்குறைய 18 நிமிடம் கூடும். அதே காற்று வரும்போது கால் மணி நேரம் போலக் குறைக்கும்.

திரையில் உயரத்தைப் பார்த்தால் இன்னொன்றும் தெரியும். கிழக்கே போகும் விமானங்கள் 33,000, 35,000, 37,000 அடி என்று ஒற்றைப்படை ஆயிரங்களில் பறக்கும். மேற்கே வருபவை 34,000, 36,000, 38,000. எதிரெதிரே வருகிறவை ஒரே உயரத்தில் சந்திக்கக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள், இரண்டு பயணத்திலும் சரிபார்த்துக்கொண்டே வருவார்கள்.

நாங்கள் தஞ்சாவூர்ப் பக்கம். திருச்சியிலிருந்து போனால் தூரம் குறையுமா?

ஆகாயத்தில் குறையாது. திருச்சி தெற்கே இருப்பதால் கிட்டே என்று தோன்றும். ஆனால் சென்னையைவிட அது மேற்கே தள்ளி இருக்கிறது. திருச்சி – சிங்கப்பூர் சுமார் 2,980 கி.மீ., சென்னையைவிட அறுபது கி.மீ. அதிகம். கோயம்புத்தூர் இன்னும் மேற்கே, சுமார் 3,160 கி.மீ. இந்த அறுபது கி.மீ. வானத்தில் நாலைந்து நிமிடம்தான்.

ஆனால் தரையில் கணக்கே வேறு. தஞ்சாவூரிலிருந்து திருச்சி விமான நிலையத்துக்கு ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். சென்னைக்கு ஆறு ஏழு மணி நேரம், அதுவும் தாம்பரத்துக்கு முன்னால் நெரிசலில் மாட்டினால் சொல்லவே வேண்டாம். தஞ்சாவூர், திருவாரூர், நாகை, புதுக்கோட்டைக்காரர்கள் திருச்சியையே பார்க்கலாம். டிக்கெட் ஆயிரம் ரெண்டாயிரம் கூட இருந்தாலும், ஒரு வாடகைக் காரின் செலவையும் வயதானவர்களின் இடுப்பு வலியையும் சேர்த்துப் பார்த்தால் மிச்சம்தான்.

வீட்டு வாசலிலிருந்து அந்த வீட்டு வாசல் வரை மொத்தம் எவ்வளவு?

சென்னைக்குள் இருப்பவர்களுக்குப் பத்து மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டிலிருந்து விமான நிலையம் ஒரு மணி நேரம். பகலில் என்றால் மெட்ரோ நேராக விமான நிலையத்துக்கே போகிறது, எதிரிலேயே திரிசூலம் மின்சார ரயில் நிலையமும் இருக்கிறது. நள்ளிரவு விமானத்தில் வந்திறங்குபவர்களுக்கு மெட்ரோ கிடைக்காது, கார்தான். வெளிநாட்டுப் பயணம் என்றால் மூன்று மணி நேரம் முன்னால் போவது நல்லது. செக்-இன் கவுன்ட்டரைப் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவது வழக்கம். இமிக்ரேஷன் வரிசை சில ராத்திரிகளில் பத்து நிமிடத்தில் முடியும், சில ராத்திரிகளில் முக்கால் மணி நேரம் இழுக்கும். எந்த ராத்திரி என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

பிறகு நாலேகால் மணி நேரப் பயணம். சாங்கியில் இறங்கி, நடந்து, இமிக்ரேஷன் முடித்து, பெட்டி எடுத்து வெளியே வர அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம். அங்கிருந்து டாக்ஸியில் நகருக்குள் இருபத்தைந்து, முப்பது நிமிடம். எம்ஆர்டியில் (அங்கத்திய மெட்ரோ ரயில்) லிட்டில் இந்தியா போவதென்றால் ஒரு நிறுத்தம் தள்ளி எக்ஸ்போவில் மாறி டவுன்டவுன் வழித்தடத்தைப் பிடித்தால் நேராகக் கொண்டுபோய் விடும்.

நேரத்தை மிச்சப்படுத்தும் ஒரு வேலை உண்டு: சிங்கப்பூர் வருகை அட்டையை முன்னாலேயே இணையத்தில் நிரப்பிவிடுங்கள். இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாட்களுக்குள் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கிற தளம் எதுவானாலும் மூடிவிடுங்கள். அட்டை என்பது விசா அல்ல, விசா தனி.

பெட்டியில் சிகரெட் இருந்தால் அதற்கு வரி கட்ட வேண்டும், ஒரு பாக்கெட்டுக்கும் விலக்கு இல்லை. சூயிங் கம் வேண்டாம். குழம்புக்கு என்று கசகசா கட்டிக் கொடுப்பதையும் விட்டுவிடுங்கள், அங்கே அது கட்டுப்பாடு உள்ள பொருள்.

மாறிப் போகும் விமானம் மலிவாக இருக்கிறது. எடுக்கலாமா?

கொழும்பு, கோலாலம்பூர் வழியாகப் போகலாம். நடுவில் காத்திருக்கும் நேரத்தைப் பொறுத்து மொத்தம் ஏழு மணி நேரத்திலிருந்து பதினைந்து மணி நேரம் வரை ஆகும். இளைஞர்கள், ஒரே டிக்கெட்டில் பெட்டி நேராகப் போய்ச் சேரும் என்றால், தாராளமாக எடுக்கலாம். தனித்தனியாக இரண்டு டிக்கெட் வாங்கி இணைப்பது வேறு விஷயம். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது டிக்கெட்டுக்கு யாரும் பொறுப்பு ஏற்க மாட்டார்கள். பெற்றோரைத் தனியாக அனுப்பும்போது நேர் விமானம்தான் என் பதில். மூவாயிரம் ரூபாயை மிச்சம் பிடிக்கப் போய், மொழி தெரியாத இடத்தில் அவர்கள் அடுத்த விமானத்தின் கேட் நம்பரைத் தேடி அலைய வேண்டாம்.

எந்தக் காலத்தில் தாமதம் அதிகம்?

சென்னைப் பக்கம் இரண்டு. ஒன்று, நவம்பர், டிசம்பர் புயல் மழை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் நிலையத்தையே பல நாள் மூடினார்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போதும் ஓடுபாதையில் தண்ணீர் நின்று மூடினார்கள். இரண்டாவது போகிக் காலை. பனியும் எரித்த புகையும் கலந்து ஓடுபாதை தெரியாமல் விமானங்களைத் திருப்பிவிட்ட வருடங்கள் உண்டு. பொங்கலுக்கு ஊர் வருகிறவர்கள் போகி விடியற்காலையில் இறங்குகிற டிக்கெட்டைத் தவிர்த்தால் நல்லது.

சிங்கப்பூர்ப் பக்கம், ஏப்ரல் முதல் நவம்பர் வரை விடியற்காலையில் சுமத்ராவிலிருந்து சூறைக்காற்றோடு இடிமழை வரும். ஒரு மணி இரண்டு மணி நேரத்தில் கடந்துவிடும். ஆனால் நம் ராத்திரி விமானங்கள் போய்ச் சேருவதும் அதே நேரம்தான். வானத்தில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றினால் கலங்க வேண்டாம். இப்படிக் காத்திருக்கவும், வேண்டுமானால் பக்கத்து ஊருக்குத் திரும்பவும் எரிபொருள் கணக்குப் பண்ணித்தான் ஏற்றியிருப்பார்கள்.

அந்தக் காலத்தில் கப்பலில் எத்தனை நாள் ஆனது?

ஏறக்குறைய ஒரு வாரம். சென்னையில் ஏறி, நாகப்பட்டினத்தில் நின்று, பினாங்கு வழியாகச் சிங்கப்பூர். 1926இல் கட்டப்பட்ட ரஜூலா கப்பலின் பெயரைச் சொன்னாலே அந்தத் தலைமுறையினர் முகம் மலரும். அதற்குப் பின் வந்த சிதம்பரம் கப்பலில் 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்து உயிர்கள் போயின. அதோடு அந்தப் பயணிகள் சேவை நின்றுபோனது. என் தாத்தா கப்பலில் போனவர். நாலு மணி நேரத்தில் போய்விடலாம் என்று சொன்னால், "அப்ப அங்க யாரையும் பழகிக்கவே நேரம் இருக்காதே" என்பார். கப்பலில் கிடைத்த சிநேகிதர்களோடு கடைசிவரை கடிதத் தொடர்பு வைத்திருந்தார்.

விமானத்தைக் கைப்பேசியில் பின்தொடர்ந்து கொண்டிருந்தேன். நடுக்கடலில் திடீரென்று மறைந்துவிட்டது. ஏதாவது ஆபத்தா?

இல்லை. இந்தக் கேள்வி ராத்திரி ஒரு மணிக்கு எனக்கு வந்திருக்கிறது, கேட்டவர் குரல் நடுங்கியது. அதனால் இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

இந்தச் செயலிகள் பெரும்பாலும், விமானம் அனுப்பும் சமிக்ஞையைத் தரையில் உள்ள ஆண்டெனாக்கள் பிடித்து அனுப்புவதை வைத்துத்தான் இடத்தைக் காட்டுகின்றன. பறக்கும் உயரத்திலிருந்து அது ஏறக்குறைய 400 கி.மீ. தூரத்துக்குத்தான் எட்டும். வங்கக் கடலின் நடுவில் ஆண்டெனா வைக்க நிலம் ஏது? அதனால் சென்னைக் கரையை விட்டு நாற்பது நிமிடம் போலப் போனதும் படம் நின்றுவிடலாம், அல்லது யூகமாக நகர்த்திக் காட்டலாம். சுமத்ரா பக்கம் நெருங்கியதும் மறுபடி தெரியும். விமானியும் தரைக் கட்டுப்பாடும் அந்த நேரத்திலும் வேறு வழிகளில் தொடர்பில்தான் இருப்பார்கள்.

ஏறியவர்களிடமிருந்து எப்போது போன் வரும் என்று எதிர்பார்க்கலாம்?

இரவு 11 மணி விமானம் என்றால் நம் நேரம் விடியற்காலை மூன்றேகாலுக்குத் தரை தொடும். உடனே போன் வராது. இந்திய சிம்மில் ரோமிங் இருக்காது, விமான நிலைய வைஃபையில் இணைவதற்குள் நடை, வரிசை, பெட்டி எல்லாம் குறுக்கே வரும். நாலேகால் வரை பொறுங்கள். அதற்கு முன்னால் தெரிய வேண்டுமானால் அழைத்துப் போக வந்திருப்பவரைக் கேளுங்கள், அறிவிப்புப் பலகையில் இறங்கிவிட்டது என்று வந்திருக்கும்.

எங்கள் வீட்டில் அம்மா போயிருக்கும் நாட்களில் அப்பா நாலு மணிக்கே எழுந்து பால் காய்ச்சி வைத்துவிட்டுப் போன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். நாலே கால், நாலரைக்குள் மணி அடிக்கும். "வந்துட்டேன், இங்க இன்னும் விடியல" என்பதுதான் ஒவ்வொரு தடவையும் முதல் வார்த்தை.